அனுபவம்: இல்லை

1

இந்த ஆண்டு ஜூலை பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைந்தது. 1952இல் நான் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய ஜூலை பதினொன்றும் வெள்ளிக்கிழமைதான். முப்பத்து நான்கு ஆண்டுகளில் தேதியும் கிழமையும் இப்படி ஒத்து வருவது இது ஐந்தாவது முறை. இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாளைச் சற்றுக் கவனமாகக் கழிப்பது என் வழக்கம். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, வாழ்நாளைக் கழித்தவனுக்கு வேறு பண்டிகை என்ன இருக்கிறது.

அன்று வந்த தபால் பையில் என் மகள் மலரின் கடிதம் இருந்தது. அவள் கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். நாடெங்கும் ஆட்குறைப்பு நடக்கும் ஆண்டு இது. மே மாதம் அவள் வேலையும் போய்விட்டது. புதிய வேலைக்கு அனுப்பப்போகும் ரெசுமேயை இரண்டு தாள்களில் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முறை பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தாள்.

ஒழுங்கான தயாரிப்பு. ஒவ்வொரு வரியும் அவள் செய்த ஒரு காரியத்தில் தொடங்கி, அதனால் விளைந்த பயனில் முடிந்தது. ஆனால் முகவரி, கோலாலம்பூரில் அவளுடைய தோழி வீட்டு முகவரி. படித்த பள்ளிகளின் வரிசை இடைநிலைப் பள்ளியில் ஆரம்பித்தது. ஆறு ஆண்டுகள் படித்த எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அதில் இல்லை. தோட்டத்தின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. இரண்டாம் பக்கத்தின் கீழே மட்டும் ஒரு வரி: தோட்டத் தொழிலாளர்களின் வேலை விண்ணப்பங்களை மலாய் மொழியில் பெயர்த்துத் தந்தது, 1977 முதல் 1979 வரை, மொத்தம் இத்தனை. எண்ணுக்குரிய இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘அப்பா, உங்க நோட்ல இருக்கும். நம்பர் போட்டாத்தான் எடுபடும்.’

நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு. காலியிடத்தில் பதின்மூன்று என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

மறு வாரம் ஆபீஸ் தொலைபேசிக்கு அழைத்தாள்.

“அப்பா, பதிமூணா? எனக்குப் பதினாலுனு ஞாபகம்.”

“பதிமூணுதான் போடணும்.”

“அங்கம்மா அக்காவோடது சேத்தா?”

“சேக்காம.”

“சரிப்பா” என்றாள். முகவரியைப் பற்றி நானே கேட்டேன்.

“எஸ்டேட் அட்ரஸப் பாத்தா, இண்டர்வியூல ஓ, எஸ்டேட் கேர்ளானு ஆரம்பிக்கிறாங்கப்பா. அதுக்கப்புறம் நான் என்ன பேசுனாலும் அதுலேருந்துதான் பாக்கிறாங்க. ஒங்களுக்குப் புரியாது லா.”

புரிந்தது. விட்ட வரியும் விண்ணப்பத்தில் பேசும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பதினான்காவது விண்ணப்பம்தான். ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைப் பற்றி எழுதலாம். இந்த நாட்டில் அதை எழுத எனக்கு இடம் இல்லை.

2

கப்பல் ஏறுவதற்கு முன் முசிறித் தாலுகா கச்சேரி வாசலில் என் சித்தப்பாவோடு நாலு வருடம் உட்கார்ந்திருந்தேன். அவர் மனு எழுதுபவர். நான் நல்ல பிரதி எடுப்பவன். ஊரில் மனு என்றால் கஷ்டத்தைச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும். வேலை கேட்கும் மனுவும் அப்படித்தான். கண் தெரியாத தாயார், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை, மழையில் விழுந்த சுவர் எல்லாம் வரும். என்ன வேலை தெரியும் என்பது கடைசி வரியில், அதுவும் இடம் இருந்தால் வரும்.

இங்கே அரசாங்கப் படிவம் தலைகீழாக இருந்தது. உனக்கு என்ன தெரியும், என்ன செய்திருக்கிறாய் என்றுதான் கேட்டது. தாயாரின் கண்ணுக்கு அதில் கட்டமே இல்லை. எழுபதுகளின் நடுவில் அந்தப் படிவங்கள் முழுக்க மலாய் மொழிக்கு மாறின. எனக்கு ஆங்கிலம் வரும். மலாய் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். மலர் பள்ளியில் மலாயில் முதல் மாணவி. நான் தமிழில் எழுதுவேன், அவள் பெயர்த்து ஆபீஸ் தட்டச்சில் அடிப்பாள். சனிக்கிழமை மத்தியானங்கள் இப்படிப் போயின.

மொழியை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் ஆட்களில் யாரும் தன் திறமையைத் தானே சொல்ல மாட்டார்கள். சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்று ஆகிவிடும். தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்தும் மெசினில் இருபது வருடம் நின்றவரிடம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “மெசினு ஓடுது ஐயா, நான் நிக்கிறேன்” என்றார். அதையா எழுதுவது?

ஆகவே நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். விண்ணப்பிப்பவரிடம் பேரும் வயதும் மட்டும் கேட்பேன். மற்றதைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மூன்றாம் லயத்து, அதாவது மூன்றாம் வரிசைத் தொழிலாளர் வீடுகளின், குழாயடியில் கேட்பேன். தன்னைப் பற்றிச் சொல்வது பீற்றல். அடுத்தவரைப் பற்றிச் சொல்வது வெறும் பேச்சு. அந்த உலர்த்தும் மெசின்காரர், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்றில் வரும் வாசனையை வைத்துச் சூடு ஏறிவிட்டது என்று கண்டுபிடித்து, கை கழுவாமல் ஓடுவாராம். குழாயடியில் சொன்னார்கள். படிவத்தில் அதை ஒழுங்கான சொற்களில் எழுதினேன். வேறொரு தொழிற்சாலையில் அவருக்குப் பொறுப்பான வேலை கிடைத்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை ஒப்புக்கொள்கிறேன்.

3

1978 மார்ச்சில் அங்கம்மா வந்தாள். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள், கொழுந்து எடுப்பவள், வயது நாற்பத்திரண்டு. கணவர் காய்ச்சலில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் நாலாம் வகுப்பு. முந்தின மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய இடது தோள் கெட்டுப்போனது. கூடை தூக்க முடியவில்லை. சில மாதம் புல் வெட்டும் வேலையில் வைத்திருந்தார்கள். இனி முடியாது என்று துரை, அதாவது எங்கள் மேனேஜர், சொல்லிவிட்டார்.

தோட்டத்துச் சட்டம் எளிமையானது. வீட்டில் ஒருவருடைய பெயராவது செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருந்தால்தான் லயத்து வீடு. பெயர் போனால் இரண்டு மாதத்தில் வீடு போகும். அங்கம்மாவின் பெயரை ஜூன் மாதம் அடிக்க வேண்டியவன் நான்தான்.

மலையில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் உதவியாள் வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. கூட்டிக் கழுவும் வேலை. பின்புறத்தில் தங்க ஓர் அறையும் உண்டு. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அறைதான்.

வழக்கத்துக்காக அவளிடமும் கேட்டேன்.

“ஒனக்கு என்னென்ன வேல தெரியும் அங்கம்மா?”

“கொழுந்து எடுப்பேன். புல்லு வெட்டுவேன்.”

“அது கிளினிக்குக்கு ஒதவாது. வேற?”

“வேற என்னாங்கையா இருக்கு. கூட்டுவேன், கழுவுவேன். மனுசங்க செய்யிறதெல்லாம் செய்வேன்.”

சாயங்காலம் குழாயடிக்குப் போனேன்.

“அங்கம்மாவப் பத்தியா? ஐயா, ஒரு பலகை போட்டு ஒக்காந்துக்குங்க. நின்னுகிட்டு எழுதித் தீராது” என்றாள் சின்னப்பொண்ணு. எங்கள் மண்டோரின், அதாவது வேலை மேற்பார்வையாளரின், மனைவி அவள்.

“எம் புள்ளைங்க மூணும் அவ கையிதான்” என்றாள் வாளியோடு நின்ற ஒருத்தி.

“ரோடு சரிஞ்சு கெடந்துச்சே, லோரி வரல, ஒண்ணும் வரல. மலையிலேருந்து நெறஞ்ச கூடையோட அப்படியே வந்தா லா. கூடய எறக்கி வச்சிட்டு மொதல்ல என்னத் திட்டுனா.”

“திட்டுவா, திட்டுவா. கைய மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் கிட்ட வருவா. வெந்நி கொதிக்கலன்னா அதுக்கும் திட்டு.”

“எம் புருசன வெறகு ஒடைக்கச் சொல்லி வெரட்டுனா. அந்த மனுசன் பயத்துல ஒரு மாசத்து வெறக ஒடச்சிட்டாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். மழைக்காலத்தில் மலைச்சாலை அடைபட்டால் ஆஸ்பத்திரி லோரி போகாது. தோட்டத்து மருந்துக்காரர் ஆண். பெண்கள் பிரசவத்துக்கு அவரை உள்ளே விட மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த இடைவெளியை நிரப்பியவள் அங்கம்மா. யாருக்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணினார்கள். இருபத்திரண்டு.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே பச்சையம்மா பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடைசி வீட்டுக்காரி, அதிகம் பேசாதவள். அவள் போனதை நான் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

4

என் சொந்த நோட்டில் தோட்டத்து மழை, சாவு, பிறப்பு, சாலை அடைபட்ட நாள் எல்லாம் அன்றன்றைக்கு எழுதிவருவேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. அன்றிரவு சரிபார்த்தபோது நோட்டில் இருந்தது இருபத்து மூன்று.

இருபத்து மூன்றாவது பச்சையம்மாவின் குழந்தை. அழாமல் பிறந்த குழந்தை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் பதிவேட்டில் அது இல்லை, ஏனென்றால் அது அங்கே வளர வரவில்லை. மருந்துக்காரரும் எழுதவில்லை. தோட்டத்து எல்லையில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு பச்சையம்மாவும் அங்கம்மாவும் பேசிக்கொண்டதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இருவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். ஒரே நேரத்தில் மட்டும் பிடிக்கவில்லை.

கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் குணம். குணம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தோல்வியையும் மறைக்காமல் காட்டும் ஆவணத்தைத்தான் படித்தவர்கள் நம்புவார்கள் என்று பல புத்தகங்களில் படித்திருந்தேன். ஆகவே படிவத்தோடு இணைக்க ஒரு பட்டியல் தயாரித்தேன். வரிசை எண், தேதி, தாயின் பெயர், விளைவு. இருபத்திரண்டு வரிகளில் ‘நலம்’. ஒரு வரியில் ‘இறந்து பிறந்தது’.

தட்டச்சில் உட்கார்ந்திருந்த மலருக்கு அப்போது பதினேழு வயது.

“எதுக்குப்பா லிஸ்ட்டு? பிரசவத்துக்கு ஒதவியிருக்காங்கனு ஒரு வரி போதாதா?”

“சும்மா சொன்னா யாரு நம்புவா? தேதி இருந்தா நம்புவாங்க.”

“இந்தக் கடைசி வரியும் போடணுமா?”

“நடந்தது நடந்ததுதானே.”

அவள் அடித்தாள். நான் படிவத்தை அங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். பட்டியலை வாசித்துக் காட்டவில்லை. அவள் அறியாததா அதில் இருக்கிறது என்று நினைத்தேன்.

5

ஏப்ரலில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அங்கம்மா தோளை மறைத்துச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து மூத்த மிஸ்ஸி என்னை உள்ளே அழைத்தார். நர்சுகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவர் நடுவயது மலாய்ப் பெண்மணி. அவர் கையில் என் பட்டியல் இருந்தது.

“இதை எழுதியது நீங்களா?”

“ஆமாம்.”

“இந்த அம்மாவிடம் மருத்துவச்சி பதிவு இருக்கிறதா?”

“இல்லை.”

“பதிவு இல்லாமல் பிரசவம் பார்ப்பது குற்றம். தெரியுமா?”

எங்கோ படித்திருந்தேன். தொழிலாகச் செய்பவர்களுக்கு, கூலி வாங்குகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். அங்கம்மா யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. “வாயால் சொல்லியிருந்தால் நான் கேட்காதது போல இருந்திருப்பேன். மலைப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் தேதி போட்டு, பெயர் போட்டு, ஒரு சாவையும் போட்டுத் தந்திருக்கிறீர்கள். கோப்பில் சேர்ந்த தாளை என்னால் எடுக்க முடியாது. மேலே அனுப்பியாக வேண்டும்.”

அங்கம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

“என்னா ஐயா எழுதுனீங்க?”

சொன்னேன்.

“பச்சையம்மா புள்ளயுமா?”

“ஆமா.”

“அவளக் கேட்டீங்களா?”

தோட்டத்து வாசல் வரும்வரை அவள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேலை போனதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

6

இந்த இடத்தில் சில நாள் எழுதாமல் விட்டுவிட்டேன். இடையில் மலர் வந்து ஐந்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஓர் இடத்தில் நேர்முகம் வந்திருக்கிறது. வீட்டில் அவள் பேசும் வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலாயில் நடந்து ஆங்கிலத்தில் போய் நிற்கிறது. அவள் அம்மா மூன்றுக்கும் தலையாட்டுகிறாள். நான் மட்டும் ஒழுங்கு என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1974இல் ஊருக்கு வந்தபோது திருச்சி பஸ் நிலையத்தில் ‘லோரி எப்போ வரும், டுவிட் எவ்வளவு’ என்று கேட்டேன். டுவிட் என்றால் மலாயில் காசு. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மேசையில் கிடந்த இந்தத் தாள்களை மலர் எடுத்தாள். முதல் பத்தியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். அரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “நீங்களே சொல்லுங்கப்பா, ஈசியா இருக்கும்” என்றாள். சொல்லவில்லை. விசாரணை நடந்த நாளில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். என்ன நடந்தது என்று முழுக்க அவளுக்கு இன்றும் தெரியாது.

7

மே மாதம் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மூத்த மிஸ்ஸியும் கூட வந்தார். எங்கள் ஆபீசிலேயே விசாரணை. பெண்கள் பேசும் மலாய் சந்தைக்குப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது என்று அதிகாரி நினைத்தார். படிவங்கள் மாறிய பிறகு வந்த சில ஆண்டுகளில் என் மலாய் தேறியிருந்தது. துரை என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். பட்டியலைத் தயாரித்தவன் எதிரிலேயே இருந்தது அவர்களுக்கு வசதி.

தாய்மார் பதினைந்து பேர். இரண்டு பேர் தோட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். பதின்மூன்று பேரும் வெளியே வரிசையாக நின்றார்கள். அன்றைய வேலை அவர்களுக்குப் போனது. என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் சின்னப்பொண்ணு. “அங்கம்மாவா? அவளா? ரத்தத்தப் பாத்தா மயக்கம் போட்டு விழுவா ஐயா” என்றாள்.

நான் மலாயில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்தவள்: “எம் மாமியா பாத்தாங்க.”

“அவர் எங்கே?”

“செத்துட்டாங்க.”

அடுத்தவளுக்குப் பெரியம்மா பார்த்தார், அவரும் இறந்துவிட்டார். அடுத்தவளுக்கு, ஊரிலிருந்து வந்து திரும்பிப் போன ஓர் அத்தை. மூன்று பிள்ளையும் அங்கம்மா கையால் என்று குழாயடியில் சொன்னவள், “மூணும் தானாப் பொறந்துச்சு. நான் எந்திரிச்சு வெளக்கு ஏத்துறதுக்குள்ள பொறந்துருச்சு” என்றாள். விறகு உடைத்தவரின் மனைவி, புருசனே எல்லாம் பார்த்தார் என்று சொல்லிவிட்டாள். வெளியே நின்ற அந்த மனிதர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்.

அதிகாரி பேனாவை வைத்தார். “இந்தத் தோட்டத்தில் இறந்துபோனவர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்” என்றார். மிஸ்ஸி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் முன்கூட்டிப் பேசி வைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் குழாயடியில்தான் பேசியிருப்பார்கள். அதற்குள் அங்கே நான் போனால் பேச்சு நின்றுவிடும்படி ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்த வாய்களிலிருந்தே நான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது அந்த வாய்களே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயின. இரண்டு முறையும் எழுதவைத்தவன் நான்.

கடைசியாகப் பச்சையம்மா. அவள் என்ன சொல்வாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் மட்டும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அங்கம்மாவுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, வழக்கும் வரும். சொல்வதற்குக் காரணமும் அவளிடம் இருந்தது. நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

“அன்று உங்களோடு யார் இருந்தார்கள்?” என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் என் கையிலிருந்த பட்டியலையே பார்த்தாள்.

“யாருமில்ல. அங்கம்மா அன்னிக்கு லயத்துலயே இல்ல. தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தா. நான் ஒண்டியாத்தான் கெடந்தேன்.”

பெயர்த்துச் சொன்னேன். தனியாகவா என்று அதிகாரி மறுபடி கேட்டார். தனியாகத்தான் என்று இரண்டாம் முறை சொன்னேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“எம் புள்ளைக்குப் பேரு வைக்கல ஐயா. நீங்க நம்பர் வச்சிட்டீங்க.”

அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். “போகலாமா என்று கேட்கிறார்” என்றேன். என் வாழ்நாளில் தெரிந்தே தவறாகப் பெயர்த்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிறகு என் முறை. இவ்வளவு துல்லியமான தேதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். வீட்டில் என் நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் பதின்மூன்று பெண்களும் பொய்யர்கள். அப்போது என் அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். அரசாங்கத் தாளில் பொய்க் கையெழுத்து போட்டவன் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் மனதில் ஓடியது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து போட்டேன். பட்டியலில் உள்ள தேதிகள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. நம்பத்தக்கவை அல்ல. விண்ணப்பித்தவருக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டவை.

மூன்றில் கடைசி வாக்கியம் உண்மை.

8

ஜூன் மாதம் அங்கம்மாவின் பெயரைச் செக்ரோலில் அடித்தேன். வீட்டைக் காலி செய்யும் நாள் ஆகஸ்ட் நடுவில் வந்தது.

ஆதாரம் இல்லை என்று விசாரணை முடிந்ததும் மூத்த மிஸ்ஸி ஆளிடம் புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் எழுத வேண்டாம் என்று வாய்ச்செய்தி. மலர் அதைப் பூர்த்தி செய்தாள். பெயர், வயது, விலாசம். தொழில்: தோட்டத் தொழிலாளி. அனுபவம் என்ற கட்டத்தில் ‘தியாடா’ என்று அடித்தாள். மலாயில் ‘இல்லை’ என்று பொருள். நானும் பக்கத்திலேயே நின்றேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நியமனக் கடிதம் வந்தது. அங்கம்மாவுக்கு அதையும் படிவத்தின் பிரதியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். இந்த முறை ஒரு வரி விடாமல் வாசித்தேன். அனுபவம் இல்லை என்பதையும் வாசித்தேன்.

“அப்படியே இருக்கட்டும் ஐயா” என்றாள்.

தோட்டத்து லோரியில் சாமான் ஏற்றினார்கள். சின்னப்பொண்ணும் மற்றவர்களும் வந்து அலமாரியைத் தூக்கிக் கொடுத்தார்கள், வழக்கம்போலக் கேலி பேசினார்கள். பச்சையம்மா வரவில்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தீபாவளிக்கு அங்கம்மா மகளோடு வந்துபோனாள். அறை நன்றாக இருக்கிறது, ஒழுகவில்லை என்றாள். வேலை எப்படி என்று கேட்டேன்.

“கூட்டுறேன், கழுவுறேன். மிஸ்ஸி நல்ல மாதிரி. ஒரு நா ஆளு இல்லனு பிரசவ ரூமுக்குள்ள வந்து புடிச்சுக்கச் சொல்லிச்சு. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னுட்டேன். உள்ள ஒரு பொண்ணு கத்திக்கிட்டு கெடக்குது ஐயா. நான் வெளிய வெராந்தாவக் கழுவிக்கிட்டு இருக்கேன். கழுவுன எடத்தையே கழுவிக்கிட்டு இருக்கேன்.”

சொன்னதைச் சொன்னபடி காப்பாற்ற வேண்டும் என்று அவள் நினைத்தாள். மற்றவர்களும் காப்பாற்றினார்கள். எட்டு வருடம் ஆகிறது. யார் பிரசவம் பார்த்தது என்று பிள்ளைகள் கேட்டால், தானாகப் பிறந்தாய் என்றுதான் இன்றும் மூன்றாம் லயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலின் பிரதியை நான் அப்போதே கிழித்துவிட்டேன். நோட்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு தேதியையும் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்தத் தீபாவளி கழிந்து சில நாளில், தூறல் போட்ட ஒரு மத்தியானம், பச்சையம்மா ஆபீசுக்கு வந்தாள். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள்.

“ஐயா, அந்தத் தேதி என்னா?”

“எந்தத் தேதிம்மா?”

“நீங்க எழுதி வச்சிருந்தீங்கள்ல. எனக்கு மழ மாசம்னுதான் தெரியும். வேற யாரு எழுதியிருக்கா.”

என் தேதிகள் நம்பத்தக்கவை அல்ல என்று கையெழுத்து போட்டவன் நான். அவளுக்கும் அது தெரியும். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்தேன். அதே வருடத்துப் பஞ்சாங்கத்தையும் எடுத்துவந்தேன். இங்கிலீஷ் தேதியைச் சொல்லி, அது தமிழுக்கு எந்த மாதம், எத்தனாம் நாள், என்ன கிழமை என்றும் சொன்னேன். அவள் எழுதித் தரச் சொல்லவில்லை. இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அங்கம்மாகிட்டயும் சொல்லிடுங்க. அவளும் இருந்தாள்ல.”